பாதியில் நின்ற மூடி

கயத்தாற்றில் லாரி செட் வைத்திருக்கும் காளீஸ்வரன், மனைவி அமுதவள்ளியை அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"மச்சான், ஒங்க தங்கச்சி கைய உள்ள விட்டு மூடிய ஒடச்சிட்டா. அந்தச் சாமான் கெடைச்சதும் போன் போடுங்க. வந்து கூட்டிட்டுப் போறேன்."

அது அண்ணன் சங்கிலிப்பாண்டி தங்கைக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த கார். ஓடைப்பக்கத்துக் கரிசல் நிலத்தை விற்று, மாப்பிள்ளை ஆசைப்பட்ட அதே பெரிய வண்டியை, பழையதுதான் என்றாலும், தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டின் நடுவில் ஒரு மூடி தானாக விலகும். உள்ளேயிருந்து திரை எழும்பி வரும். அதைக் காட்டுவதற்கென்றே காளீஸ்வரன் ஆள் ஏற்றிக்கொண்டு சுற்றுவான். இப்போது மூடி பாதியில் நின்று கடகடவென்று அடித்துக்கொண்டது.

கார் போனதும் அமுதவள்ளி சொன்னாள்: "நான் தொடவே இல்லண்ணே."

"தொடாமத்தான் ஒடஞ்சுதாக்கும்? சும்மா இருக்க மாட்டியாட்டி நீ?"

அவள் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஐப்பசி மழை இறங்கி, ஊரே உளுந்து விதைப்பில் இருந்தது. சங்கிலிப்பாண்டி பஸ் ஏறி அலைந்தான். திருநெல்வேலி ஷோரூமில், அந்த மாடலே நின்றுபோய்விட்டது, சாமான் வராது என்று உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினார்கள். கோவில்பட்டியில் கார் எலெக்ட்ரீஷியன் பரமசிவன்தான் வழி சொன்னார்.

"உள்ள சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் இருக்கும் அண்ணாச்சி. புதுசு தேடாதீக. அடிபட்ட வண்டி எங்கயாவது கெடந்தா, மூடியோட அப்படியே கழட்டிட்டு வாங்க, மாட்டிருவோம்."

மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடங்களில் ஏறி இறங்கினான். போன தடவை கைவிரித்தவர்களிடமே மறுபடியும் போய் நின்றான். கடைசியில் ஒரு மூலையில் அதே மாடல் கிடந்தது. முன்பக்கம் நசுங்கி, இருக்கையெல்லாம் கறுத்த கறை. யார் வண்டி, உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவன் கேட்கவில்லை. மூடி முழுசாக இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தான். இருந்தது. கும்பிடத் தோன்றியது. உடனே கூசியது.

பரமசிவன் பட்டறைக்குக் காளீஸ்வரன் காரைக் கொண்டுவந்தான். அமுதவள்ளி பையோடு அண்ணன் பின்னால் நின்றாள். பரமசிவன் டேஷ்போர்டைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்து, குறடை உள்ளே விட்டார். முறிந்த தீக்குச்சி ஒன்று வந்தது. மறுபடி விட்டார். இன்னொன்று. நுனி கடிபட்டு மழுங்கியிருந்தது.

"பல்லுக் குத்துன குச்சில்லா இது! சந்துல போட்டுப் போட்டு, போய்ச் சக்கரத்துல மாட்டிப் பல்ல ஒடச்சிருக்கு. இது யாரு பாத்த வேல?"

காளீஸ்வரன் சோறு தின்று கை கழுவியதும் தீப்பெட்டியைத் தேடுகிற ஆள் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் செல்போனைப் பார்த்தபடி சொன்னான்: "சரி, மாட்டுங்க. லோடு ஏத்தப் போகணும்."

தங்கை மேல் தப்பில்லை என்று மாப்பிள்ளை சொல்லும் ஒரே ஒரு வார்த்தைக்காகச் சங்கிலிப்பாண்டி காத்திருந்தான். வரவில்லை. கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவள்தானே அங்கே போய்ப் படவேண்டும் என்று அடக்கினான். மாற்றி மாட்டிய மூடி சத்தமில்லாமல் விலகி, திரை எழும்பியது.

"நல்லா ஓடுது பாருங்க மாப்ள" என்றான்.

காளீஸ்வரன் வண்டியைக் கிளப்பினான். அமுதவள்ளி பையை எடுத்துக்கொண்டாள்.

"அமுதா, நான் அன்னிக்கு..."

"அவிய பழி போட்டதுகூடப் பெருசா இல்லண்ணே. தொடலன்னு சொன்னேன். நீ ஏன் என்னன்னு ஒரு வார்த்த கேக்கல."

முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறந்தாள். ஏறப் போனவள் நின்றாள்.

"இனி எது ஒடஞ்சாலும் என்ன அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விடாதீகன்னு அவியகிட்டச் சொல்லிருதேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். கார் கயத்தாறு ரோட்டில் திரும்பியது. பின்கண்ணாடியில் அவள் தலை தெரிந்தவரை பார்த்துக்கொண்டே நின்றான் சங்கிலிப்பாண்டி. அவள் திரும்பவில்லை.