காத்திருப்புக்குத் தள்ளுபடி

மனித ஆயுளில் ஒன்றரை மணி நேரம் என்ன விலை என்று என் சகலை கண்டுபிடித்துவிட்டார். நானூற்று ஐம்பது. வரி தனி. குழந்தைகளுக்குப் பாதி.

இந்தக் கண்டுபிடிப்பை அவர் எங்கள் மாமனாரின் அலுவலக அறையில், சுவரில் படம் காட்டி விளக்கினார். எங்கள் பூங்காவில் 'ஆகாயப் பல்டி' என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. அது விளம்பரப் பலகையில் உள்ள பெயர். ஏறி இறங்கியவர்கள் வைத்த பெயர் குடல்புரட்டி. விடுமுறை நாளில் அதில் ஏற ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். ஏறினால் இரண்டே நிமிடத்தில் இறக்கிவிடுவோம். சகலையின் யோசனை இதுதான்: நானூற்று ஐம்பது கொடுப்பவர்கள் பக்கவாட்டு வாசல் வழியாக நேரே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

மாமா பாத்திர மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவர். நொடித்துப்போன ஒருவரிடம் இந்தப் பூங்காவை வாங்கியபோது, பேரம் முடிந்து கைகுலுக்கிய பிறகும் கையை விடாமல், "அது சரி, கொசுறா என்ன தர்றீங்க?" என்று கேட்டு வாங்கியதுதான் குடல்புரட்டி. அதன்மேல் அவருக்குத் தனிப் பாசம்.

"நானூத்தம்பதா? ஒருத்தன் நானூறுக்குக் கேட்டா?" என்றார்.

"இல்ல மாமா. இது ஒரே ரேட்டு. பேரமே கிடையாது."

மாமா முகம், பெண்கள் இருக்கும் இடத்தில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் ஆயிற்று. கிடைத்த சந்தில் நான் புகுந்தேன்.

"காசு குடுத்தவன் முன்னாடி போனா குடுக்காதவன் இன்னும் பின்னாடி போவான், மாமா. வரிசை குறையாது. நமக்குச் சாபம்தான் கூடும்."

"அப்ப நீங்க குறைச்சுக் காட்டுங்க, சின்ன மாப்ள. குடல்புரட்டி உங்க பொறுப்புலதான இருக்கு? வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து நிக்கிறேன். முதலாளியா இல்ல, தொப்பி போட்டுக்கிட்டு, வேடிக்கை பாக்க வந்தவனா. இருவது நிமிஷத்துல நான் ஏறணும்."

"நாப்பத்தஞ்சு, மாமா."

"இருவத்தஞ்சு."

"பேரப்பிள்ளைங்க முகத்துக்காக…"

"முப்பது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் பக்கவாட்டு வாசலத் திறந்து பெரிய மாப்ள கையில குடுத்துடுவேன். நீங்க பார்க்கிங்குக்குப் போயிடணும்."

பார்க்கிங் என்றால் வெட்டவெளி. நிழலுக்கு ஒரு குடை, கையில் ஒரு விசில். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கக்கா புருஷன் ஏசில உக்காந்திருப்பாரு, என் புருஷன் வெயில்ல நின்னு பீப்பீ ஊதுவாரா? என்னங்க, நான் அவ வீட்டு விசேஷத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இன்னும் ஆறு நாள் இருக்குல்ல?"

"ஆறு நாள்ல நீங்க கொடியில காயுற துணியக்கூட எடுத்து வெச்சதில்ல."

திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கினேன். கோடை விடுமுறை என்பதால் வார நாளிலும் கூட்டம்தான். காத்திருப்பது தெரியாமலிருக்க வரிசையின் இரு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி மாட்டினேன். எல்லோரும் தலை வாரத் தொடங்கினார்கள். முன்னால் இருப்பவர் நகர்ந்தாலும் இவர்கள் நகரவில்லை. ஒரு பெண் கண்மை தீட்டி முடிக்கும்வரை அவளுக்குப் பின்னால் எண்பது பேர் மரியாதையாக நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை குடல்புரட்டி ரயிலில் அங்கங்கே ஓர் இருக்கை காலியாகப் போவதைக் கவனித்தேன். மூன்று பேராக வந்தவர்கள் உட்கார்ந்தால் நாலாவது இடம் வீண். "தனியா வந்தவங்க யாராவது இருக்கீங்களா? உடனே ஏறலாம்!" என்று மைக்கில் கூவினேன். பதினாறு ஆண்கள் கை தூக்கினார்கள். அதில் பதினாலு பேர் கல்யாணமானவர்கள் என்பது பின்னாலிருந்து வந்த சத்தத்தில் தெரிந்தது. "தனியாவா? தனியாவா வந்தே?" என்று கைப்பையால் ஒருவரை அவர் மனைவி விசாரித்துக்கொண்டிருந்தபோது ரயில் காலி இருக்கைகளோடு கிளம்பிப் போயிற்று.

புதன்கிழமை டோக்கன் முறைக்கு வந்தேன். யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். வாசலில் ஒரு மேசை. அங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு ஊஞ்சல், ஐஸ்கிரீம் என்று சுற்றிவிட்டு, டோக்கனில் எழுதிய நேரத்துக்கு வந்தால் போதும். மேசையில் ஓர் அக்காவை உட்காரவைத்தேன். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் செருப்புக் கடையில் இருந்தவர். ஆள் உள்ளே நுழையும் நடையைப் பார்த்தே எவ்வளவு வரைக்கும் போவான் என்று சொல்லிவிடுவார்.

திட்டத்தில் குறையே இல்லை. ஆனால் அக்கா "நாப்பது நிமிஷம் கழிச்சு வாங்க" என்றதும் ஒவ்வொருவரும் அடிபட்டவர்போல் பார்த்தார்கள். "என்னது, நாப்பதா?" நேற்றுவரை தொண்ணூறு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்ற ஜனம் இது! எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். நான் பேசிய முதல் வார்த்தை 'கட்டாது' என்று வீட்டில் சொல்வார்கள். நாற்பது நிமிடம் இவர்களுக்குப் பெரிதில்லை. சொன்ன விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

"அக்கா, நாளையிலருந்து எல்லாருக்கும் தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லுங்க. கேட்டா குறைங்க."

அக்காவின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "எவ்வளவு வரைக்கும் எறங்கலாம் தம்பி?"

"ஆளப் பாத்துச் செய்யுங்க."

வியாழக்கிழமை பூங்காவின் முகமே மாறியது. "தொண்ணூத்தஞ்சா? அநியாயமா இருக்கே" என்றார் ஒருவர். "உங்களுக்காக எம்பது" என்றார் அக்கா. "நாலு டோக்கன் வாங்குறேன், மொத்தமா பாத்துச் சொல்லுங்க." "சரி, எழுவது. வெளியில சொல்லிடாதீங்க." "குழந்தை அழுவுது பாருங்க." "அது எப்பவும் அழுவுற குழந்தைதான், பாத்தாலே தெரியுது. அறுவது." ஐம்பதுக்கு முடித்தவர்கள் பரம்பரைச் சொத்தை மீட்டதுபோல் நடந்துபோனார்கள். திரும்பி வந்தபோது குடல்புரட்டியில் ஏழு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு சின்னச் சிக்கல். அறுபதுக்கு வாங்கியவர் ஐஸ்கிரீம் கடையில் ஐம்பதுக்கு வாங்கியவரைச் சந்தித்துவிட்டார். "அவருக்கு மட்டும் அம்பதா? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று திரும்ப வந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். சனிக்கிழமை பிற்பகல் டோக்கன் மேசைக்கு முன்னால் நின்ற வரிசை, குதிரை ராட்டினத்தைச் சுற்றிக் கழிப்பறை வரைக்கும் போயிருந்தது. மேசையில் பேச்சு முடியாததால் மேலே குடல்புரட்டி பாதி காலியாக, காற்றை ஏற்றிக்கொண்டு ஓடியது.

சகலை வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன வரிசை?"

"இது வரிசை இல்ல சகலை. பேச்சுவார்த்தை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம் வாங்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாமா வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட சட்டை. எந்த வேஷமும் அந்த நடையை மறைக்கவில்லை. ஊழியர்கள் எல்லோரும் அவரைத் தெரியாததுபோல் சல்யூட் அடித்தார்கள். சகலை பத்தடி பின்னால் நின்று கடிகாரத்தை அமுக்கினார். நான் அக்காவின் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சீக்கிரம் ஒரு டோக்கனைக் கொடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது. மேலே ரயில் காலியாகத்தான் ஓடுகிறது. நேரே போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

கால் மணி நேரத்தில் மாமாவின் முறை வந்தது.

"தொண்ணூத்தஞ்சு நிமிஷம்" என்றார் அக்கா.

மாமா எதற்காக வந்தோம் என்பதை அந்த நொடியே மறந்துபோனார். நான் கண்ணால் பார்த்தேன். தோள் இறங்கியது, ஒரு கை மேசைமேல் ஊன்றியது, குரல் தேன்போல் ஆனது.

"ஏம்மா, வயசானவன்கிட்ட சொல்ற நேரமா இது? ஒரு பத்து போட்டுக் குடு."

"பத்துக்குக் குதிரை ராட்டினத்துல ஏறிக்குங்க. எம்பத்தஞ்சு."

நான் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன். "அக்கா, குடுத்துடுங்க. அவரு…"

"யாருன்னு தெரியும் தம்பி. நீங்க நடுவுல பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்."

கிடங்கு நிறையச் சரக்கு இருக்கும்போதும் விலையை விடாத கை அது. நான் என்ன செய்ய முடியும்? எழுபதுக்கு வந்ததும் மாமா தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தார். "வேணாம்மா. அடுத்த பார்க்குல பாத்துக்கறேன்" என்று திரும்பி நடந்தார். பாத்திரக் கடையில் அவர் நாலு அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே ஐஸ்கிரீம் கடை வரைக்கும் போய்விட்டார், யாரும் கூப்பிடவில்லை. அங்கே நின்று விலைப்பட்டியலைப் படிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யதேச்சையாக வருவதுபோல் வந்தார்.

"ஐயா, பின்னாடி போங்க" என்றார் மேசையருகே நின்ற ஒருவர். "நாங்கல்லாம் என்ன பூப்பறிக்கவா நிக்கிறோம்?"

"நான் பேசிக்கிட்டுதான இருந்தேன்?"

"பேசிட்டுப் போனீங்கல்ல? திரும்பப் பேசணும்னா திரும்ப நில்லுங்க."

இந்தப் பூங்காவுக்குச் சொந்தக்காரர் கழிப்பறை வாசலுக்குப் போய் நின்றார். சகலை கடிகாரத்தைத் தூரத்திலிருந்து எனக்குத் தூக்கிக் காட்டினார். முப்பது நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. விசிலை எந்தப் பக்கம் ஊதுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

மாமாவோ சந்தோஷமாக இருந்தார். முன்னால் நின்ற புதுமணத் தம்பதிக்குப் பாடம் எடுத்தார். "முதல்ல ஆசையக் காட்டக் கூடாதும்மா. ராட்டினத்தப் பாக்காத. அந்தம்மா முகத்தப் பாரு." பின்னால் நின்றவரிடம், "உங்களுக்கு நேத்து எவ்வளவுக்கு விட்டுச்சு?" என்று சந்தை நிலவரம் விசாரித்தார். இரண்டாம் முறை மேசைக்கு வந்து நாற்பது வரைக்கும் இறக்கிவிட்டு, மறுபடியும் நடந்தார். மறுபடியும் யாரும் கூப்பிடவில்லை. மறுபடியும் கழிப்பறை வாசல்.

மூன்றாம் முறை வந்தபோது இருவருக்கும் குரல் கம்மியிருந்தது. கூட்டம் வரிசையை மறந்து சுற்றி நின்று கேட்டது.

"கடைசியாக் கேக்குறேன்மா. மூணு நிமிஷம்."

"எனக்கே அசல் வரலைங்க. ஏழு."

"அஞ்சு. உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம்."

அக்கா வானத்தைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், டோக்கனை எழுதினார். கூட்டம் கைதட்டியது. மாமா சரியாக ஐந்து நிமிடம் காலியான பாதையில் தனியாக நின்று, பிறகு ஏறினார். இரண்டு நிமிடம் கழித்துத் தொப்பி இல்லாமல், சாம்பல் நிற முகத்தோடு, ஜெயித்தவராக இறங்கினார்.

அலுவலகத்தில் அவர் ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை சகலை பொறுத்திருந்தார்.

"நூத்தி நாப்பத்தாறு நிமிஷம், மாமா. முப்பது எங்க, இது எங்க? பக்கவாட்டு வாசல் சாவிய வாங்கிக்கலாமா?"

"யாருக்கு நூத்தி நாப்பத்தாறு?"

"உங்களுக்குத்தான். கேட்டுலருந்து சீட்டு வரைக்கும்."

"மாப்ள, நான் வரிசையில நின்னது அஞ்சு நிமிஷம். மிச்சம் வியாபாரம். வியாபாரம் பேசுன நேரத்த எவனாவது காத்திருந்த கணக்குல எழுதுவானா? அந்தம்மா தொண்ணூத்தஞ்சு சொல்லிச்சு. அஞ்சுக்கு முடிச்சேன்!"

"ஆனா அவ்வளவு நேரமும் ரயில் காலியா ஓடிச்சு மாமா. நீங்க போனதுமே ஏறியிருக்கலாம்."

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். போச்சு என்று நினைத்தேன்.

"காலியாவா இருந்துச்சு? அவ்வளவு சரக்கையும் உள்ள வெச்சுக்கிட்டா அந்தம்மா என்கிட்ட தொண்ணூத்தஞ்சு சொல்லிச்சு?"

"ஆமா, மாமா."

"நான் யாருன்னு தெரியாம?"

"தெரிஞ்சுதான்."

மாமா நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கியதுபோல் இருந்தது. குடல்புரட்டியின் வேலையாகவும் இருக்கலாம்.

"அந்தம்மாவுக்குச் சம்பளம் கூட்டிக் குடுங்க" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "இல்ல, வேணாம். அதுவே வந்து கேக்கட்டும். பேசிக்கலாம். குடல்புரட்டி உங்ககிட்டயே இருக்கட்டும், சின்ன மாப்ள. ஆனா பெரிய மாப்ளயும் மனசு கோணக் கூடாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் பார்க்கிங்கப் பாத்துக்குங்க."

"மாசத்துல ஒரு ஞாயிறு, மாமா."

"ரெண்டு."

"சரி, ரெண்டு."

ஆக, அன்றைய கணக்கு இது. மாமா: சொன்ன விலை தொண்ணூற்றைந்து, முடித்த விலை ஐந்து, லாபம் தொண்ணூறு நிமிடம். சகலை: கடிகாரம் ஒன்று, செலவு. நான்: குடல்புரட்டி வரவு, மாதம் இரண்டு ஞாயிறு விசில் பற்று. பொதுமக்கள்: மாமா பேசி முடித்த பிறகு மேசைக்கு வந்து, நல்ல விலைக்கு முடித்து, ஆறு மணிக்குப் பூங்கா மூடியபோது டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாற்பத்தொரு பேர். பாக்கி.