ஜூலை 21: ஒரு திருத்தம்

கஜேந்திரன் சேர் ஒரு தேதி சொல்லிவிட்டால் ஹாலிஎலப் பக்கம் மறுபேச்சுக் கிடையாது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவர். இதே நாளில் முன்பு என்னென்ன நடந்தது என்று தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதி அனுப்பாவிட்டால் மனுஷனுக்குத் தேத்தண்ணீர் இறங்காது. சொந்தக்காரர், பெற்றோர் என்று குழுவில் நூற்றிருபது பேர்.

ஜூலை இருபத்தொன்று அன்றும் எழுதினார். 1960, உலகின் முதல் பெண் பிரதமர் நம் நாட்டில் பதவியேற்றார். 1969, இலங்கை நேரப்படி காலை எட்டரை மணிவாக்கில் மனிதன் நிலவில் கால் வைத்தான். பெருமை தாங்காமல் இன்னொன்றும் சேர்த்தார்: 1992, என் மனைவி யசோதினி பிறந்தாள்.

பத்தே நிமிடம். பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து மாமியார் ரெங்கம்மாவின் குரல் குழுவில் வந்து விழுந்தது.

"என்னா மாப்பிள்ளை இது? அவ வைகாசியில பொறந்தா, கொட்டுற மழையில. அவங்கப்பாவுக்கு ஆடியிலதான் லீவு கெடைச்சிச்சு. பதியப் போன எடத்துல பொறந்த தேதி கேட்டாங்களாம், இவருக்குத் தெரியல. அன்னைக்குத் தேதியவே போட்டுட்டாங்க!"

நூற்றிருபது பேரும் கேட்டார்கள். சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. சேருக்கு முகம் செத்துப்போயிற்று. மானம் போனால் போகட்டும். ஆறு வருஷமாக இதே நாளில் கேக் வாங்கி வந்திருக்கிறார், யசோதினி வாயே திறக்கவில்லையே, அதுதான் வலித்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்ப ஏன் சொல்லல? என்னையக் கோமாளின்னு நெனைச்சியா?"

யசோதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வைகாசியில எந்த நாளுன்னு அம்மாவுக்கே தெரியாதுங்க. ஆனா இதே நாள்லதான் அப்பா என்னையத் தோள்ல போட்டுக்கிட்டு, பேரு பதிய தோட்டத்துலருந்து பசறைக்கு நடந்தே போயிருக்காரு. அவருக்குப் பொறப்புப் பத்திரமே கெடையாது. மகளுக்காச்சும் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாராம். நீங்க கேக் கொண்டாரயில எல்லாம் நான் அவரைத்தான் நெனைச்சுக்குவேன்."

அவள் அப்பா வீரய்யா இறந்து மூன்று வருஷமாகிறது. கஜேந்திரன் ஃபோனை எடுத்து எழுதினார்: "திருத்தம். 1992, வீரய்யா தன் மகளைத் தூக்கிக்கொண்டு பசறைக்கு நடந்துபோய் அவள் பெயரைப் பதிந்தார்."

யசோதினி ஃபோனை வாங்கி மெதுவாக வாசித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என் பத்திரத்துலயும் தோட்டத்துல சம்பளம் போடுற செக்ரோல்லயும் தவிர, அப்பா பேரை எங்கேயும் எழுதி நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள்.