சிப் காட்டிய வேகம்

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் ராக்கெட் திரும்பிப் பார்த்தான். பக்கத்துத் தடத்தில் அக்கா பின்தங்கியிருந்தாள். நூறு மீட்டரில் நாட்டுக்கே சாம்பியனான அக்கா!

ஓட்டத்தின் முடிவில் பெரிய கால்பந்து கிளப்பின் ஆள் நின்றுகொண்டிருந்தார். அவர் கைப்பையில் ராக்கெட்டின் ஒப்பந்தம். கால்பந்துக்காரர்கள் பயிற்சியில் போடும் பனியனில், முதுகுப் பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். வேகத்தைக் கணக்கிட்டு லேப்டாப்புக்குச் சொல்லிவிடும். போன மாதம் ராக்கெட்டின் சிப் மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர் என்று காட்டியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த ஆள் வந்திருந்தார். "ஒரு தடவை என் கண்ணால பாத்துடறேன். அப்புறம் கையெழுத்து."

சாம்பியனோடே ஓடிக் காட்டுகிறேன் என்று மார்தட்டியவன் ராக்கெட்தான்.

"தோத்துட்டு அழக்கூடாதுடா," என்றாள் அக்கா, ஓட்டம் தொடங்கும் முன் ஷூ லேஸை இறுக்கியபடி.

"போக்கா! நாங்கல்லாம் பந்தையும் உருட்டிக்கிட்டு ஓடுறவங்க. நீ கோட்டுக்குள்ள நேரா ஓடுற, அவ்வளவுதான்."

"அந்த நேரா ஓடுறதைத்தான் இன்னிக்குப் பாக்கப் போற."

இதோ, பாதித் தூரம் தாண்டிவிட்டது. இன்னும் அவன்தான் முன்னால். இனி என்ன, பெரிய கிளப்தான்!

திடீரென்று காதருகே காலடிச் சத்தம். அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அக்காவின் தோள் தெரிந்தது. பிறகு முதுகு. ராக்கெட் பல்லைக் கடித்தான், கைகளை வீசினான், உயிரைக் கொடுத்து ஓடினான். முதுகு சிறுத்துக்கொண்டே போனது.

கோட்டைத் தாண்டி அவன் குப்புற விழுந்தபோது அவள் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாள்.



"கால் பிடிச்சுக்கிச்சா?" ராக்கெட்டின் கோச் பதறி ஓடிவந்தார்.

"இல்ல சார்... முழு மூச்சோடதான் ஓடினேன்."

இருவருடைய பனியனிலும் இன்று சிப் இருந்தது. கோச் லேப்டாப்பைத் திறந்தார். அவர் முகம் வெளிறியது.

"ராக்கெட்... முப்பத்து மூணு."

"அந்தப் பொண்ணு?" என்றார் கிளப் ஆள்.

கோச் திரையை மறுபடி பார்த்தார். "முப்பத்தேழு."

ராக்கெட் எழுந்து உட்கார்ந்தான். அப்படியானால் போன மாதம் சிப் காட்டியது? "மெஷின்ல கோளாறு சார்! என் சிப்தானே அது? என் பேர்லதானே வந்துச்சு?"

"மெஷின் எல்லாம் சரியா இருக்கு," என்றார் கோச். "அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. நீ தனியா பயிற்சி பண்ணினன்னு நினைச்சு, உன்னைக் கேக்காமலே நான்தான் மார்தட்டிக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை என்றதும் அக்காவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது.

"தம்பி," என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. "இவங்க வந்தது அந்த நம்பரைப் பாத்துட்டுத்தானா? முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"ஏன்க்கா?"

ஆள் கைப்பையின் ஜிப்பை மூடினார்.

"அன்னிக்கு நான் ஊர்லேர்ந்து வந்திருந்தேன். நீ தூங்கிட்டிருந்த. என் பனியன் ஈரமா இருந்துச்சுன்னு கொடியில தொங்கிட்டிருந்த உன்னுதை எடுத்து மாட்டிக்கிட்டு இந்த மைதானத்துல ஓடினேன்டா. உள்ள சிப் இருந்தது எனக்குத் தெரியாது."