வெர்லின் மறந்த சட்டம்

பேஸ்பால் ஆட்டத்தின் ஏழாவது சுற்றில் டோபியின் பந்து குறி தவறியதுமே வெர்லின் அவன் கையைக் கவனித்தார். அவன் முழங்கை தாழ்ந்துவிட்டது. அந்தத் தாழ்வு அவருக்குத் தெரியாததா? அவரும் அமெரிக்காவின் இதே அயோவா மைதானங்களில் வீசியவர்தான். வலியை மறைத்து மறைத்து வீசி, ஒருநாள் கை ஒரேயடியாகப் போயிற்று. பிறகு பந்துவீச்சுக் கோச், இப்போது டோபியின் டீமுக்கு மேனேஜர்.

டோபி நின்று வீசும் மேட்டுக்கு நடந்தார்.

"கை வலிக்குதா?"

"வலிச்சா என்ன கோச்? மேலே பாருங்க, நம்ம டீமை நடத்தற பெரிய டீம்காரர் உக்காந்திருக்காரு. சீசனோட கடைசி ஆட்டம். கை போச்சுன்னு தெரிஞ்சா என்னை எவன் எடுப்பான்? கெஞ்சிக் கேக்கறேன், போங்க."

வெர்லின் மைதான ஓரத்துக்குத் திரும்பினார். எதிர் ஆட்டக்காரனை டோபி எப்படியோ வெளியேற்றினான், உதட்டைக் கடித்துக்கொண்டு. இவ்வளவு நன்றாக வீசுகிறவனை வெளியே கூப்பிட்டால் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரே சொல்லும். விட்டால் கையே போய்விடும். ஒரே ஒரு வழிதான் இருந்தது, தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வழி.

"மாத்து ஆளைத் தயார் பண்ணவா?" என்றார் துணைக் கோச் ரஸ்கின்.

தயார் பண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும். "வேணாம்பா. சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்."

"ஐயோ, ஏற்கெனவே ஒரு தடவை..."

காதில் விழாதவர் போல வெர்லின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார்.

நடுவர் கையை உயர்த்தினார். "என்ன வெர்லின், ஒரே சுத்துல ரெண்டாவது தடவை வீசறவன்கிட்ட வந்துட்ட! வீசறவன் வெளியே போயாகணும். மறந்துட்டியா?"

வெர்லின் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ் பெருசு, ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்று கூட்டம் கத்தியது. டோபி கையுறையை வீசியெறிந்தான். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

அவசரமாக வந்த மாற்று ஆளை எதிரணி விளாசித் தள்ளியது. ஆட்டம் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் வெர்லினிடம் வந்த பெரிய டீம்காரர் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பையனை வசந்த காலப் பயிற்சிக்கு எங்ககிட்ட அனுப்புங்க. உங்களைப் பத்தித்தான் யோசனையா இருக்கு. சட்டத்தையே மறக்கற ஆளை வெச்சு டீம் நடத்த முடியாதே."

"சரிதான்," என்றார் வெர்லின்.

கார் நிறுத்துமிடத்தில் டோபி எதிர்ப்பட்டான். "என்னை எடுத்துட்டாங்க. உங்களால இல்ல."

"தெரியும்பா. குளிர்காலம் முழுக்கப் பந்தையே தொடாதே."

அவருக்கு வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. டோபி பையை வீசும் கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.