பேர் சொல்லாமல் கூப்பிட்டவள்

காளீஸ்வரிக்கு அந்த விடுதி பிடிக்கவே இல்லை. அந்தமானில் ஒரு குட்டித் தீவு, அதன் மலை உச்சியில் குடிசை மாதிரி கட்டி வைத்துக்கொண்டு ராஜ வாடகை வாங்குகிறார்கள். மழைக்காலம் என்பதால் வேறு விருந்தாளியும் கிடையாது. திருச்சுழிப் பக்கம் கருவேலங்காட்டு ஊரில் ஆடும் கோழியும் பஸ்ஸு ஹாரனுமாகக் காது பழகியவள் அவள். இங்கே தன் மூச்சுச் சத்தமே யாரோ பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது.

அவள் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. செத்துப்போன புருஷனைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

வீரபாண்டி இங்கே தோட்டக்காரராக இருந்தவர். போன ஆடியில் செடி வெட்டிக்கொண்டிருந்தவர் வாதாமரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கடல் கொந்தளிப்பில் கப்பல் ஓடவில்லை. இங்கேயே எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டுவிட்டார்கள். ஊருக்கு வந்தது அவருடைய பை மட்டும்தான். விடுதி முதலாளி நல்ல மனுஷன், ஒரு தடவை வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று ரூம் போட்டுக் கொடுத்தார்.

அவள் ஊர் வழக்கப்படி, செத்த இடத்து மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, செத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு, வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். வாசலில் "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டால் செத்தவர் வீட்டோடு சேர்ந்துவிடுவார். இல்லாவிட்டால் அனாதையாக அலைவார். அதை நினைத்து நினைத்துத்தான் ஒரு வருஷமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் மரத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து முடிந்தாள். "ஏங்க, நான் வந்துட்டேன். வாங்க, ஊருக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் காலடி கேட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"வந்துட்டாக தம்பி" என்றாள், துணைக்கு வந்து ரூம் வாசலில் நின்ற கொழுந்தன் கோட்டைச்சாமியிடம்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தரையைப் பார்த்தான். "மதினி, அண்ணன் வலது கால இழுத்து இழுத்துல்ல நடக்கும்? இங்க ரெண்டு காலும் நல்லாப் பதிஞ்சிருக்கு. அதுவும் ஈரக்காலு."

கடல் பாசி வாடை அடித்தது.

"பேரச் சொல்லிக் கூப்டீகளா?"

"புருஷன் பேர எப்பிடிய்யா சொல்லுவேன்?"

"வெறும் ஏங்கன்னா எவன்தான் வரமாட்டான், மதினி?"

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்லுவாள். இப்போது மரத்தடிக்கு ஓடினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். "வீரபாண்டீ!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். மறுபடி கத்தினாள். தொண்டை கட்டும் வரை கத்தினாள். ஓர் இலைகூட அசையவில்லை. அந்த ஈரக்கால் ஆள் மட்டும் அவளுக்குப் பின்னால் பொறுமையாக நின்றார்.

ரூம் பெருக்கும் சுபத்ரா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "அக்கா, அண்ணன் போன மறுமாசம் ஒரு அம்மா இதே மரத்தடியில நின்னு அழுதுச்சு. புருஷன் மீன் பிடிக்கப் போயி படகோட மூழ்கிட்டாராம். கடலப் பாத்துக் கூப்பிட்டுட்டு, வந்த படகுலயே போயிருச்சு. எந்த ஊருன்னு யாரும் கேக்கல."

"என்ன சொல்லிக் கூப்டுச்சு?"

சுபத்ரா தயங்கினாள். "ஏங்கன்னுதான்க்கா."

காளீஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீரபாண்டி ஒரு நாளும் ரெண்டாம் தடவை கூப்பிட வைத்ததில்லை. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, எவளோ ஒருத்தி பின்னால் போய்விட்டார். அந்த அம்மாவுடைய புருஷன், இந்த ஈரக்கால் ஆள், கடலிலிருந்து மலையேறி வருவதற்குள் படகு கிளம்பிவிட்டது.

"மண்ண இங்கயே கொட்டிருங்க மதினி. யாரு எவருன்னு தெரியாத ஆள வீட்டுக்குள்ள விடலாமா?" என்றான் கோட்டைச்சாமி. அவள் முடிச்சை மடியில் செருகிக்கொண்டாள்.

கப்பலிலும் ரயிலிலும் அவளுக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. அருப்புக்கோட்டையில் ஏறிய பஸ்ஸில் அவ்வளவு கூட்டம், அப்போதும் அந்த இடம் காலியாகவே வந்தது. சீட்டு ஈரமாயிருக்கு என்று ஒருத்தி முணுமுணுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் கோட்டைச்சாமி கையை விரித்து மறித்தான். "கடைசியாச் சொல்றேன் மதினி, வேணாம்."

"வழிய விடுங்க தம்பி. கூப்பிட்டு வந்தவுகள வாசலோட போங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?" அவள் படியேறி நின்று, திரும்பாமலே சொன்னாள். "உள்ள வாங்க."

உலை வைத்தாள். மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, ஆளில்லாத இலைக்கு எதிரே உட்கார்ந்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"கூச்சப்படாமச் சாப்பிடுங்க. ஒங்க வீட்டுல அவுகளும் இந்நேரம் எம் புருஷனுக்கு எல போட்டிருப்பாக. எங்க வீட்டுக்காரருக்கு வாய் தெறந்து கேட்டு வாங்கிச் சாப்பிடத் தெரியாது. பாத்து வைக்கணும்."

சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு அள்ளி வைத்தாள்.