கொசுறாகப் போன முகம்

"பத்திரமா பீரோவுல வச்சிருக்கேங்க" என்று திலீபன் போனில் சொன்னபோது அவனிடம் அந்த முகமூடியும் இல்லை, பீரோவும் இல்லை.

விருத்தாசலத்தில் கடலூர் ரோட்டில் அவனுக்குப் பழைய மரச்சாமான் கடை. இடிக்கிற வீடுகளுக்குப் போய்க் கதவு, நிலை, தூண், ஜன்னல் என்று எல்லாவற்றையும் பூப்போலப் பெயர்த்துக் கொண்டுவந்து விற்பான். போன மாதம் புதுச்சேரியில் ஒரு வீட்டைப் பிரித்தான். மூன்று நாளும் கூடவே நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அந்த வீட்டுப் பெண் தமிழினி. பேங்கில் வேலை. அவள் போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரையே இல்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான் திலீபன். அவன் நிலைமை அவ்வளவுதான்.

அவள்தான் இப்போது கூப்பிட்டிருந்தாள்.

"கதவுங்களோட ஒரு சாக்குல அப்பாவோட மாஸ்க்கும் தெரியாம வந்துடுச்சுங்க. நைஜீரியாவுல பதினோரு வருஷம் வாத்தியாரா இருந்தாங்க. கெளம்பும்போது பசங்க குடுத்தது. அது உள்ள வந்தாதான் நானும் வருவேன்னு புது ஃப்ளாட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாங்க. நான் இன்னைக்கே நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

சாக்கு வந்தது உண்மை. நீண்ட மரமுகம், பிளந்த கண், துருத்திய வாய், நெற்றி முழுக்கக் கோடுகோடாகச் செதுக்கல். புதுச்சேரிக்காரர்கள் திருஷ்டி பொம்மையைக்கூடத் தேக்கில் செய்வார்கள் போலிருக்கிறது என்று திலீபன் வியந்துகொண்டான். கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்த பெரியம்மாள் ஒரு நிலைக்கதவு வாங்கிவிட்டு, "கொசுறா எதனாச்சும் குடு தம்பி" என்று நின்றபோது, கட்டுகிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கொசுறு ஏது என்று எடுத்து நீட்டியும் விட்டான். நைஜீரியா எங்கே, கருவேப்பிலங்குறிச்சி ரோடு எங்கே.

பைக்கை விரட்டிக்கொண்டு போனான். முதல் மாடிச் சாரத்தில் பூசணிக்காய், கற்றாழை, ஒற்றைச் செருப்பு எல்லாம் புடைசூழ முகமூடி கம்பீரமாகத் தொங்கியது. உள்ளதைச் சொல்லித் திருப்பிக் கேட்டான்.

"அது வந்த அன்னைலேர்ந்து மணல் லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு வரான்" என்றாள் பெரியம்மாள். "எதிர்வூட்டுக்காரி தெனம் நின்னு எங்க சுவத்தையே பாத்துக்கிட்டிருப்பா. இப்ப தலய குனிஞ்சிக்கிட்டுப் போறா. கிரகப்பிரவேசம் முடியாம நான் எறக்க மாட்டேன் தம்பி."

"அந்தப் பொண்ணோட அப்பா வூட்டுக்குள்ளயே போவாம உக்காந்திருக்காருக்கா."

பெரியம்மாளும் வீடு கட்டுகிறவள்தான். கொஞ்சம் இளகினாள். "அப்ப இதவிட பயங்கரமா ஒண்ணு கொண்டா. ஆனா அந்த எடம் ஒரு நிமிஷம்கூட காலியா இருக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்குப் பேர்போன ஊர், முகத்துக்கா பஞ்சம்? நண்பன் அன்பரசன் தன் பொம்மைப் பட்டறையிலிருந்து அட்டைப்பெட்டி நிறையப் பொம்மைகளோடு வந்தான். பெரியம்மாள் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். பூதம் சிரிக்கிறது என்றாள். புலியைப் பார்த்து, பூனை நல்லாருக்குது, ஆனா பூனை வேணாம் என்றாள். மணி மூன்றரை. கடைசி முயற்சியாக அன்பரசன், இங்கேயே ஒரு முகம் பிடித்துத் தருகிறேன் என்று வெள்ளை மண்ணும் மண் குழம்பு வாளியுமாகச் சாரத்தின்மேல் ஏறினான்.

திலீபனுக்கு அவசரம். பின்னாலேயே ஏறியவன் பலகையில் கால் இடறி, குழம்பு வாளிக்குள் தலைகுப்புறப் போனான். நிமிர்ந்தபோது முகம் முழுக்க வெள்ளை. நடுவில் இரண்டு சிவந்த கண்ணும், மண்ணைத் துப்ப நீட்டிய நாக்கும். எதிர்வீட்டுக்காரி கொடியில் காய்ந்த துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"இதான்" என்றாள் பெரியம்மாள் நிறைவாக. "இது இருக்கட்டும்."

அப்படித்தான் முகமூடி கீழே இறங்கியது, திலீபன் அந்த இடத்தில் நின்றான். பூசணிக்காய்க்கும் செருப்புக்கும் நடுவில், ஆள் போகும்போதெல்லாம் நாக்கை நீட்டுவதாகப் பெரியம்மாளுக்கு வாக்குக் கொடுத்து. தமிழினி கூப்பிட, அவன் போன் கீழே அடித்தது. அன்பரசன் எடுத்து, ஒளிவு மறைவில்லாமல், கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுக்கே வரச் சொல்லிவிட்டான்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய தமிழினி முகமூடியை வாங்கித் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து சாரத்தில் நின்றவனை வெகுநேரம் பார்த்தாள். திலீபனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"பீரோ எங்கங்க?" என்று கேட்டாள்.

"பீரோ இல்லீங்க. பொய் சொல்லிட்டேன். திருஷ்டி பொம்மைன்னு நெனச்சி கொசுறா குடுத்துட்டேன். சொன்னா நீங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பீங்களோன்னு பயந்துட்டேங்க." சொல்லி முடிக்கும்போது யாரோ சைக்கிளில் போனார்கள். வாக்கு வாக்குதான். திலீபன் நாக்கை நீட்டினான்.

தமிழினி சிரிக்க ஆரம்பித்தாள். மணல் குவியலில் உட்கார்ந்து, முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டுத் திலீபனுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம் வந்துவிட்டது. கீழே விழுந்துவிடாமல் சாரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இவரு எப்ப எறங்குவாருங்க?" என்று பெரியம்மாளைக் கேட்டாள்.

"பதினாலாந்தேதி, கிரகப்பிரவேசம் முடிஞ்சதும்."

அன்பரசன்தான் வழி சொன்னான். அச்சு எடுப்பது அவன் தொழில். சாரத்திலேயே திலீபனைப் படுக்கவைத்து, முகத்தைக் கழுவி, எண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு ஸ்ட்ரா செருகி, பிளாஸ்டர் குழம்பை ஊற்றினான். இறுகும்வரை அசையக் கூடாது. தமிழினி மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நாக்க நீட்டுங்க பாக்கலாம்" என்றாள். திலீபன் சிரித்துவிட, முதல் அச்சு உடைந்தது. இரண்டாவதற்கு அவளைக் கீழே அனுப்பவேண்டியதாயிற்று.

அச்சில் மண்ணை அழுத்தி எடுத்த, இன்னும் சுடாத பச்சை முகத்துக்கு நாக்கு ஒட்டியது தமிழினிதான். சாதாரண நாக்கு இல்லை, மோவாய்வரை தொங்கியது. சுட்ட முகம் தயாராகும்வரை பச்சை முகம் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையோடு காவல் இருந்தது. அச்சு ஒன்று இருந்தால் முகம் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றான் அன்பரசன்.

ஒரு வாரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"மாஸ்க்க முன்னாடி தூக்கிட்டு அப்பா அன்னைக்கே உள்ள போயிட்டாங்க. உங்க மொகத்த ஃபோட்டோவுல காட்டினேன். எங்க வாசலுக்கும் அதுல ஒண்ணு வேணுமாம்."

"ரெண்டு சுட்டு வச்சிருக்கோங்க. ஒண்ண பஸ்ஸுல குடுத்தனுப்பிடறேன்."



"பஸ்ஸுல குடுத்தனுப்பினா ஒடஞ்சிடும்" என்றாள். "நீங்களே வாங்க. அது ஒடஞ்சாலும் அசல் மொகம் வந்துடும்ல."

திலீபன் போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினான்.

"அதுவரைக்கும் எங்க வச்சிருப்பீங்க?"

"பீரோவுலங்க" என்றான். போனை வைத்துவிட்டு, நேராகப் பீரோ வாங்கப் போனான்.