பின்பாரம்

தம்பியைக் குண்டூசி என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள் ரேஸ் மைதானத்துக்காரர்கள்தான். ஆளும் ஒல்லி, இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு முழம் இடம் கிடைத்தாலும் அதில் நுழைந்து வெளியே வந்துவிடுவான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடத்து ஷூவுக்கு லேஸ் கட்டிவிட்டதிலிருந்து முதல் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தது வரைக்கும் என் கைதான்.

எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. லாரிகளுக்குப் பாடி கட்டுகிறேன். வெல்டிங்கும் நானே வைப்பேன். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். விடுமுறை நாட்களில் பட்டறைக்கு வந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, எல்லாருக்கும் இடைஞ்சல் செய்வார்.

தம்பி ஒருநாள் பழைய பெட்டி டிரெய்லர் ஒன்றை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினான். நாலு பக்கமும் தகரம் அடைத்தது, பின்பக்கம் முழுக்க ஒரே கதவு. அதைக் கீழே சாய்த்தால் அதுவே கார் ஏறுகிற சாய்தளம். முன்பு யாரோ அதில் நாற்காலி மேசை ஏற்றி வாடகைக்கு ஓட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, இதுக்குள்ளதான் இனிமே காரைக் கொண்டுபோகப் போறேன். மழை, தூசி எதுவும் படக்கூடாது. உனக்குத் தெரியாததா?"

தரைப்பலகையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தேன். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. "பொட்டியப் பாத்துப் பொண்ணு எடுத்த மாதிரி எடுத்திருக்கான் உன் தம்பி. உள்ள எட்டிக்கூடப் பாக்கல" என்றார் வாத்தியார்.

ஒரு மாதம் அதோடு கிடந்தேன். பலகை முழுவதையும் பெயர்த்துப் புதிது போட்டேன். காரைக் கட்டும் வளையங்கள் நான்கையும் பலகையில் திருகாமல், அடியில் சேஸிஸ் இரும்போடு சேர்த்து வெல்டு வைத்தேன். வளையம் பலகையில் மட்டும் இருந்தால் ஒரு பெரிய பள்ளத்தில் பலகையோடு பிடுங்கிக்கொண்டு வரும். முன்சுவரில் காரை உள்ளே இழுக்க ஒரு வின்ச். பெட்ரோல் ஆவி போகக் கூரையில் காற்றுப்போக்கி. பக்கச் சுவரில் முன்னோரமாகச் சாமான் அலமாரி. டிரெய்லருக்கென்று தனி பிரேக். அதை மட்டும் தனியாகப் பிடிக்க, இழுக்கும் வண்டிக்குள் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன லீவர்.

கடைசியாகக் காரை உள்ளே ஏற்றி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு போட்டேன். அந்தக் கோட்டில் நிறுத்தினால் பாரம் டிரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழும். முன்பாரம் இருந்தால் டிரெய்லர் அடக்கமாகப் பின்னால் வரும். பின்பாரமாகிவிட்டால் வேகத்தில் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்ததை நிறுத்துவது லேசில்லை. அப்போது வண்டியின் பிரேக்கை அடித்தால் டிரெய்லர் தள்ளி மடக்கிவிடும், லீவரை மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

மூன்று வருஷம் அந்த டிரெய்லர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் என்னிடம் வரும். சக்கர பேரிங்கைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைப்பேன், கூரைப் பொருத்துகளில் பசை அடைப்பேன், கதவை இறக்கி ஏற்றும் கம்பிவடங்களை விரலால் தடவி இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். தம்பி வாங்கிய கோப்பைகளைவிட அந்தப் பெட்டி என் மனதுக்கு நெருக்கம் என்று வாத்தியார் கிண்டல் செய்வார். பொய்யில்லை.

பிறகு தம்பி காரை மாற்றினான். பழைய காருக்கு இன்ஜின் முன்னால். புதியதற்குப் பின்னால்.

அதைப் பார்த்த அன்றே சொன்னேன். "டேய், பாரம் மாறிடுச்சு. கோட்டை அழிச்சு வேற போடணும். வளையத்தையெல்லாம் முன்னால தள்ளி வெல்டு வைக்கணும். ரெண்டு நாள் பெட்டிய என்கிட்ட விடு."

"விடறேன்க்கா. காரு முதல்ல ஓடட்டும்."

காரை ஓட வைப்பதற்குள் ரேஸ் பருவம் நெருங்கிவிட்டது. அவனுடைய மெக்கானிக்கும் அவனும் இரவு பகலாக அதனோடு மல்லுக்கட்டினார்கள். மெக்கானிக்கை எல்லாரும் டாக்டர் என்பார்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜினில் வைத்துக் கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு நோயைச் சொல்வான். நான் கூப்பிடும்போதெல்லாம் "அடுத்த வாரம்க்கா" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

முதல் ரேஸ் அன்று காலை ஏழு மணிக்கு நானும் வாத்தியாரும் தம்பி வீட்டுக்குப் போனோம். கார் ஏற்கனவே உள்ளே ஏறி, நாலு மூலையும் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. வண்டியோடு மாட்டுகிற டிரெய்லரின் முன்நீட்டத்தை, மாட்டுவதற்கு முன் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பழைய கார் இருந்தபோது மூன்று பேர் சேர்ந்தாலும் அசையாதது, அன்று என் ஒருத்தி கையோடு மேலே வந்தது.

மெதுவாகக் கீழே வைத்தேன்.

"தம்பி, இதோட போகாதே. காரை இறக்கி, பின்பக்கமா ஏத்து. இன்ஜின் முன்னால வரட்டும்."

"ஏறாதுக்கா. நேத்தே பாத்தோம். பின்னாடி வயிறு தாழ்ந்து கிடக்கு, சாய்தளத்துல உரசுது. வின்ச் கொக்கி மாட்டவும் பின்னாடி இடமில்ல."

"அப்ப இன்னும் முன்னால தள்ளு."

"அலமாரி இடிக்குது."

அலமாரி நான் செய்தது. சேஸிஸோடு சேர்த்து வெல்டு வைத்தது. அதை அறுத்து எடுக்க அரை நாள் வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் மைதானத்தில் காரைக் காட்டிச் சோதனை முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போக மூன்று மணி நேரம்.

கருவிப்பெட்டி இரண்டு, உபரிச் சக்கரங்கள், ஜாக் என்று கிடைத்ததையெல்லாம் முன்மூலையில் அடுக்கினோம். மறுபடி தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கனத்தது. போதாது.

"அறுபதைத் தாண்ட மாட்டேன்க்கா. உன் மேல சத்தியம்" என்றான். ராத்திரி தூங்காத கண். ஒன்பது வயசில் காய்ச்சலோடு பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பியே தீருவேன் என்று நின்ற அதே முகம்.

"சரி" என்றேன்.

தம்பி ஓட்ட, டாக்டர் பக்கத்தில். பின்னால் எங்கள் காரில் வாத்தியார் ஓட்ட, நான் டிரெய்லர் கதவையே பார்த்துக்கொண்டு வந்தேன். சொன்னபடி அறுபதுதான் போனான். ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, நீதான் பயந்து சாகற" என்றார் வாத்தியார். எனக்கும் மூச்சு கொஞ்சம் சீரானது.

ஒரு பாலம் தாண்டி நீண்ட இறக்கம் வந்தது. இறக்கத்தில் பாரமே வண்டியைத் தள்ளும். அறுபது தானாக எழுபதாகும். அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து எங்களை முந்தி, டிரெய்லரை ஒட்டி விருட்டென்று போனது. அதன் காற்று பட்டதும் டிரெய்லரின் வால் லேசாக இடப்பக்கம் போய் வந்தது. பிறகு வலப்பக்கம். அடுத்த முறை இன்னும் அகலமாக.

போனை எடுத்து டாக்டருக்கு அடித்தேன். உடனே எடுத்துவிட்டான். உள்ளே ஒரே தடதடப்பு.

"டாக்டர், பிரேக் அடிக்க வேண்டாம்னு சொல்லு! காலை எடுக்கச் சொல்லு! லீவரை மட்டும் பிடிக்கச் சொல்லு!"

"என்னக்கா? கேக்கல..."

"பிரேக் அடிக்காதேன்னு சொல்லுடா!"

டிரெய்லர் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வீசியது. நான் என் காருக்குள், ஒன்றுமில்லாத இடத்தில் காலை ஊன்றிக்கொண்டிருந்தேன். கை தானாக முன்னால் நீண்டு லீவரைத் தேடியது. ஐம்பது மீட்டர் தூரம்தான். அதில் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

பெட்டி மடங்கி, வண்டியைத் தன்னோடு சுழற்றி, தானே ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தகரம் தாரில் தேய்ந்துகொண்டே போன சத்தம் நிற்கவே இல்லை போலிருந்தது. நின்றபோது தம்பியின் வண்டி எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது.

அவனுக்குக் கீறல்கூட இல்லை. டாக்டருக்குத் தோளெலும்பு போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகள் கடவுள் புண்ணியத்தில் விலகி நின்றுவிட்டன. வாத்தியார் டாக்டரோடு ஆம்புலன்ஸில் ஏறினார்.

தம்பி டிரெய்லரிடம் ஓடினான். பின்கதவை இழுத்தான், உதைத்தான். சட்டம் முறுக்கிக்கொண்டதால் கதவு அசையவில்லை. உள்ளே சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. பெட்ரோல் வாடை.

தீயணைப்பு வண்டி வந்ததும் எங்களைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்கள்.

"நான் அறுத்துத் திறக்கறேன் சார். இந்தப் பெட்டி நான் கட்டினது. எந்த இடத்துல அறுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஒரு பொறி பட்டா போதும்மா, நீங்களும் இருக்க மாட்டீங்க, நாங்களும் இருக்க மாட்டோம். தள்ளி நில்லுங்க" என்றார் அவர்களில் மூத்தவர். அவர் சொன்னது சரி.

மூன்று மணி நேரம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். நுரை அடித்தார்கள், காத்திருந்தார்கள், மறுபடி அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தம்பி மைதானத்துக்குப் போன் செய்து, வர முடியாது என்று மட்டும் சொன்னான். கிரேன் பெட்டியைத் தூக்கி, கதவைப் பிரித்தபோது கார் நாலு பட்டைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. வளையம் ஒன்றுகூட விடவில்லை. ஓட்டுபவனைச் சுற்றிய இரும்புக் கூண்டு நசுங்கி, இன்ஜின் தாங்கிகள் முறிந்திருந்தன. ஒரு வருஷத்து உழைப்பு.

அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல்தான் கேட்டான்: "உனக்குத்தான் தெரியுமேக்கா. பிடிவாதமா நின்னிருக்கலாம்ல. ஏன் விட்ட?"

நீ கேட்டாய், விட்டேன். அதைச் சொல்லாமல் கிரேன்காரருக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளில் கட்டோடு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க போன்ல சொன்னதுல பிரேக்ங்கிறது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அதைத்தான் அவன்கிட்ட கத்தினேன். நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

இன்ஜினுக்குள் ஒரு நட்டு தளர்ந்தால் கேட்கிற காது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லப்பா. சரியாத்தான் சொன்ன" என்றேன்.

நான் போன் அடிக்காமல் இருந்திருந்தாலும் தம்பி பிரேக் அடித்திருப்பானா? அவனிடம் கேட்டுவிடலாம் என்று பலமுறை வாய் வரை வந்தது. டாக்டரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டேன். வாத்தியாரிடம் மட்டும் சொன்னேன். அவர், "இதுக்குக் கணக்கு இல்லம்மா" என்றார்.

அடுத்த பருவத்துக்குத் தம்பி பழைய மாதிரிக் காருக்கே திரும்பினான். வேறொரு டிரெய்லரும் வாங்கினான். அதை என்னிடம் கொண்டுவரவில்லை. ஊரின் மறுகோடியில் யாரிடமோ கொடுத்துத் தயார் செய்தான். என்னோடு சண்டை எதுவும் இல்லை. வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், எங்கள் பிள்ளைகளோடு விளையாடுவான். அந்தப் பேச்சு மட்டும் வராது.

ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனபோது வாசலில் அது நின்றது. கிட்டப் போய்ப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள், உட்பக்கத்தில் இன்னும் ஆழமாக. மேற்பரப்பு புதிதுபோல் இருந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். "தம்பி, டயரு ரெண்டும் மாத்திடு. வெடிச்சிருக்கு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பாத்துக்கறேன்க்கா."

"இந்த வாரமே மாத்து. நான் வேணா வந்து..."

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

வாத்தியார் மேசைக்கடியில் என் காலைத் தட்டினார்.

அந்தச் சனிக்கிழமை அவன் கிளம்பிப் போனான். டயரை மாற்றினானா என்று கேட்கத் துணிவில்லை. பட்டறையில் எதைக் கையில் எடுத்தாலும் நிற்கவில்லை. அளந்த தகட்டையே இன்னொரு தடவை அளந்தேன். மதியத்துக்கு மேல் அவனிடமிருந்து போனில் ஒரே ஒரு வரி வந்தது: வந்து சேர்ந்தோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படித்தான். அந்த வரி வரும்வரை பட்டறையில் ஒரு வேலையும் ஓடாது.